ஆட்சேபணை உண்டுங்க ஐயா

இந்த எடத்துல யாராச்சும் வராங்களா சார்? இல்லீங்களா. அப்பச் சரி. காயிதத்தையெல்லாம் மடிக்க வேண்டாமுங்க, நான் ஓரமா ஒண்டிக்குவேன். பரமத்தி வரைக்கும்தான்.

விடைத்தாளுங்களா? எந்தப் பள்ளிக்கூடமுங்க? ஓ, சட்டக் கல்லூரி, திருச்சியில. அப்ப வக்கீலுங்களுக்கே வாத்தியாரு நீங்க. இல்லீங்க, தப்பா நெனைக்காதீங்க, நீங்க வாய்க்குள்ள முணுமுணுத்துக்கிட்டே திருத்துனீங்களா, அது காதுல விழுந்துச்சு. தண்டனைங்கறது எதுக்காகக் குடுக்கறதுன்னு கேள்வி. பசங்க நாலு காரணம் எழுதியிருக்காங்க. செஞ்ச தப்புக்குப் பதில். அடுத்தவனுக்குப் பயம். அவனே மறுக்காச் செய்யாம அடைச்சு வெக்கறது. அப்பறம் அவனைத் திருத்தறது. சரிங்களா?

இதுல ரெண்டாவதை நான் படிக்காமயே சொல்லியிருக்கறேனுங்க. ஊருக்கு நடுவுல நின்னு, அம்பது பேருக்குக் கேக்கற மாதிரி. "அடுத்தவனுக்குப் பயம் வரணும்"னு. அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கொண்டுபோய் செசன்ஸ் கோர்ட்டுக் கூண்டுல நிறுத்துச்சு. குத்தம் சாட்டுன பட்டியல்ல முதல் எதிரி நாந்தானுங்க.

நகர வேண்டாமுங்க சார், என்னை விட்டுட்டாங்க. தீர்ப்பு நகல் இந்தப் பையிலதான் இருக்குது. சந்தேகத்தின் பலனைக் குடுத்து விடுதலை. கட்டிப்போட்ட குத்தத்துக்கு மட்டும் ஒரு மாசம், அது ரிமாண்டுல இருந்த நாளோட சரியாப் போச்சு. சட்டப்படி நான் சுத்தம். சட்டம் சொன்னதுக்கு மேல ஒரு மனுசன் என்ன சார் பண்ணணும்? அதைக் கேக்கத்தான் ஆளு தேடிக்கிட்டிருந்தேன், நீங்களே கெடச்சீங்க.

நடந்ததைச் சொல்றேன், நீங்களே சொல்லுங்க.

எங்க ஊரு காங்கேயத்துக்குத் தெக்க. பேரு வேண்டாமுங்க. எல்லாம் தென்னந்தோப்பு, போர்த் தண்ணி. மூணு வருசத்துக்கு முன்னால சித்திரையில மோட்டார் கேபிள் திருட்டு ஆரம்பிச்சுது. ராவோட ராவா வெட்டிக்கிட்டுப் போயிருவான். உள்ள இருக்கற செம்புக்காக. கேபிள் போச்சுன்னா மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடலைன்னா சித்திரை வெயில்ல பத்து நாள்ல மரம் குருத்துச் சாஞ்சிரும். ஆறு தோட்டத்துல போச்சு. என்ற தோட்டத்துல ரெண்டு வாட்டி. ஸ்டேசனுக்குப் போனா மனுவை வாங்கிக்கிட்டு ரசீது ஒண்ணு குடுக்கறாங்க, அதோட சரி. என்ற அண்ணன் மகன் மோகன்ராசு, இருபத்தாறு வயசுப் பையன், அவன் தோப்புல எம்பது மரம் காஞ்சு போச்சு. அவன் அழுததை நான் பாத்தேனுங்க.

இப்பிடி ஊரே கொதிச்சுக் கெடக்கையில ஒரு நாளு, காலையில பத்தரை மணி இருக்கும், மோகன்ராசும் இன்னும் அஞ்சாறு பசங்களும் ஒருத்தனைப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்தாங்க. டிவிஎஸ் வண்டியில பழைய இரும்பு வாங்கறவன். சாக்கைக் கவுத்தா ஓட்டை வாளி, இரும்புக் கட்டில் காலு, அதோட பதினஞ்சு அடி நீளத்துக்குக் கேபிள்.

நான் அப்ப பால் சொசைட்டியில இருந்தேன். தலைவரு நாந்தான். நல்லது கெட்டதுக்கு எல்லாரும் என்ற மூஞ்சியத்தான் பாப்பாங்க. அன்னைக்கும் பாத்தாங்க. "என்னங் சித்தப்பா பண்றது?"ன்னு மோகன்ராசு கேட்டான்.

நான் என்ன சொன்னேன்? போலீசுக்குச் சொல்லலாம்னுதான் சொன்னேன். அது சாட்சியிலயே வந்திருக்குது, நகல்ல பதினாலாவது பக்கம். அதுக்கு முன்னால ஓடிப்போயிறாம இருக்க மரத்துல கட்டுங்கடான்னு சொன்னேன். மாட்டுக் கயிறு எடுத்துக் குடுத்து, முடிச்சும் நானே போட்டேன். பசங்க போட்டா எசகுபெசகா இறுகிரும், எனக்குக் கை பழக்கம். நல்லதுக்குத்தான். அப்பறம் ஒரே ஒரு அறை. அதை நான் மறைக்கலீங்க. "ஆளுக்கு ரெண்டு போட்டு உக்கார வெய்யுங்க, அடுத்தவனுக்குப் பயம் வரணும்"னு சொல்லிட்டு நான் ஊட்டுக்குப் போயிட்டேன். ஆளுக்கு ரெண்டுன்னுதான் சார் சொன்னேன். எத்தனை ஆளுன்னு நான் சொல்லல, அது நெசந்தான்.

ஊட்டுக்குப் போனது பதினொன்றரை மணி. சோறு உங்கத்தான் போனேன். கொஞ்சம் சீக்கிரமாத்தான். அரசு வக்கீலும் அதையேதான் கேட்டாரு, பதினொன்றரைக்கு என்ன சாப்பாடுன்னு. பசிச்சா சோறு உங்க வேண்டியதுதானுங்களே.

உண்டுட்டுத் திரும்பி வரையில மணி பன்னெண்டே கால். பசங்க தள்ளி நின்னாங்க. அவன் தல தொங்கிக் கெடந்துச்சு. நாந்தான் கட்டை அவுத்தேன். என்ற பிக்கப் வண்டியிலதான் தூக்கிப் போட்டுக்கிட்டு ஆசுபத்திரிக்குப் பறந்தேன். பாதி வழியில மூச்சு நின்னு போச்சு. சடையப்பன்னு பேரு, பரமத்திப் பக்கம் ஊரு, பொண்டாட்டி மருதாயி, ரெண்டு பொட்டப் புள்ளைங்கன்னு எல்லாம் அப்பறமேலு போலீசு சொல்லித்தான் தெரியும்.

அன்னைக்குப் பொழுது சாய இன்ஸ்பெக்டர் வந்து விசாரிக்கறாரு. அப்ப என்ற ஊட்டுக்காரி பாவாத்தா முன்னால வந்து நின்னு சொல்றா, "அந்தக் கேபிள் எங்களுதுங்க. மொத வாட்டி திருடன் வெட்டிட்டு விட்டுட்டுப் போன துண்டு, மாட்டுக்கொட்டாயில கெடந்துச்சு. காலையில எட்டு மணிக்கு நாந்தான் அவனுக்குப் பழசுக்குப் போட்டேன். அதுக்கு ஒரு பிளாஸ்டிக் அன்னக்கூடை குடுத்தான்." பச்சை நெறத்துல அன்னக்கூடை, அதையும் எடுத்தாந்து இன்ஸ்பெக்டர் முன்னால வெச்சுட்டா.

ஊரே என்னைப் பாத்துச்சு. "எனக்கு இப்பத்தான் தெரியும்"னேன். எல்லாரும் நம்புனாங்க. ஏன் நம்ப மாட்டாங்க? தெரிஞ்சிருந்தா நான் விட்டிருப்பனா?

ஏழு பேரு மேல கேசு. நான், மோகன்ராசு, இன்னும் அஞ்சு பசங்க. எங்க வக்கீல் பெரிய வக்கீல். அவரு முதல் நாளே சொல்லிட்டாரு, "நீங்க அந்த எடத்துல இல்ல. போலீசைக் கூப்புடச் சொல்லியிருக்கீங்க. கொல்லணுங்கற எண்ணமோ, சாவுன்னு தெரிஞ்சே விட்ட மனசோ உங்களுக்கு இருந்துச்சுன்னு அவங்க நிரூபிக்கணும். நிரூபிக்க ஒரே ஒரு ஆளுதான் இருக்குது. உங்க சம்சாரம்."

பாவாத்தாகிட்ட எத்தனையோ சொல்லிப் பாத்தேனுங்க. அவ அண்ணனை விட்டுச் சொன்னேன். மோகன்ராசு அம்மா, என்ற அண்ணி, கையைப் புடிச்சு அழுதாங்க. "போலீசு மெரட்டுனதுல சொல்லிட்டேன், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிரு"ன்னு. அவ மசியவே இல்ல. காலையில சோறாக்குவா, பால் கறப்பா, அவ பாட்டுக்கு இருப்பா. வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டு வராண்டாவுல அந்த மருதாயி உக்காந்திருக்கற பெஞ்சுல போய் உக்காந்துக்குவா. முப்பத்தி ரெண்டு வருசம் என்கூட வாழ்ந்தவ சார்.

அவ சாட்சி சொன்ன நாளு எனக்கு அப்படியே கண்ணுக்குள்ள நிக்குது. அரசு வக்கீல் கேக்கறாரு.

"உங்க வீட்டுக்காரர் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தாரு?"

"பதினொன்றரைக்குங்க."

"அப்புறம் நீங்க என்ன பண்ணீங்க?"

"சொம்புல தண்ணி மோந்துக்கிட்டு வெளிய போனேனுங்க. அந்த ஆளுக்குக் குடுக்கறதுக்கு. கேட்டைத் தாண்டுனேன்."

"குடுத்தீங்களா?"

"இல்லீங்க. திரும்பி வந்துட்டேன்."

"ஏன் திரும்பி வந்தீங்க?"

"இவரு ஒண்ணு சொன்னாருங்க."

"என்ன சொன்னாரு?"

எங்க வக்கீல் எந்திரிச்சுட்டாரு. கேக்கவே கூடாத கேள்வின்னாரு. ஜட்ஜு ஐயா பேனாவைக் கீழ வெச்சுட்டுப் பாவாத்தாளைப் பாத்துச் சொன்னாரு. பொறுமையான மனுசன். "புருசன் பொண்டாட்டிகிட்டத் தனியாச் சொன்னதை, அவர் சம்மதம் இல்லாம கோர்ட்டுல சொல்ல அனுமதி இல்லம்மா. சட்டம் அப்படி."

பாவாத்தா சீலைத் தலைப்பை இழுத்துச் சொருகுனா. அப்பறம் கேட்டா, "அவரு சம்மதிச்சாச் சொல்லலாமுங்களா?"

"சொல்லலாம்."

ஜட்ஜு ஐயா என்ற பக்கம் திரும்புனாரு. "என்ன, உங்க மனைவி அதைச் சொல்றதுல உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

ரெண்டு வருசமா அந்தக் கோர்ட்டுல பேரைக் கூப்புட்டா "ஐயா"ங்கறதைத் தவிர நான் வேற பேசுனதில்லீங்க. பக்கத்துல மோகன்ராசு நிக்கறான், அவன் மூச்சு என்ற தோள்ல படுது. அவனும் என்னைத்தான் பாக்கறான். பாவாத்தா பாக்கறா. வராண்டாக் கதவுகிட்ட மருதாயி எட்டிப் பாக்கறா. நான் கையைக் கட்டிக்கிட்டுச் சொன்னேன், "ஆட்சேபணை உண்டுங்க ஐயா."

சட்டம் எனக்குக் குடுத்த உரிமை அது. தப்புங்களா? நீங்க பாடம் நடத்தறவரு, சொல்லுங்க. உரிமைதானுங்களே. ஆங், அதைத்தான் சொல்றேன்.

தீர்ப்பு வந்துச்சு. பசங்க ஆறு பேருக்கும் ஏழேழு வருசம். கொல்லணும்னு அடிக்கல, ஆனா இப்படி அடிச்சாச் சாவு வரும்னு தெரிஞ்சே அடிச்சிருக்காங்கன்னு எழுதியிருக்காரு. எனக்கு விடுதலை. வேன்ல ஏத்தறப்ப மோகன்ராசு, "சித்தப்பா, அம்மாவப் பாத்துக்கங்க"ன்னான். பாத்துக்கறேன்னேன். பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன். அண்ணி தோப்புக்கு நாந்தான் தண்ணி விடறேன்.

அன்னைக்குக் கோர்ட்டை விட்டு வெளிய வந்து பிக்கப் கதவைத் தொறந்து விட்டேன். பாவாத்தா ஏறல. ரோட்டைத் தாண்டி நின்னு வெள்ளகோயில் பஸ்ஸைப் புடிச்சு அவ அண்ணன் ஊட்டுக்குப் போயிட்டா. அஞ்சு மாசம் ஆச்சு. மூணு வாட்டி போய்க் கூப்புட்டேன். நகலைக் காட்டுனேன். "கோர்ட்டே விட்டுருச்சு, உனக்கென்ன?"ன்னு கேட்டேன்.

"கோர்ட்டுக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரியும்"ங்கறா.

என்ன தெரியுமா? அதை எதுக்குங்க கேக்கறீங்க? கேசுதான் முடிஞ்சுதே.

சரி, நீங்க ஊரு பேரு தெரியாத ஆளு. சொல்றதுல என்ன வந்துச்சு.

நான் முடிச்சுப் போடறப்ப அந்தச் சடையப்பன் அழுதுக்கிட்டே ஒண்ணு சொன்னான். "சாமி, பச்சைக் கேட்டு வீட்டு அம்மா போட்டாங்க சாமி." அத்தனை கூச்சல்ல வேற யாருக்கும் கேக்கல, காதுகிட்ட இருந்தது நாந்தான். எங்க ஊர்ல பச்சைக் கேட்டு மூணு ஊட்டுல இருக்குதுங்க. எங்க ஊடுன்னு நான் எப்படி முடிவு பண்றது? திருடன் யாரு பேரை வேணாலும் சொல்லுவான். இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வரலாம்னு ஊட்டுக்குப் போனேன். சோறும் உங்கணும், அதுவும் நெசம்.

கேட்டேன். ஆமா, நாந்தான் போட்டேன்னா. சொன்ன கையோட சொம்பை எடுத்துட்டா. "அய்யோ, போய் அவுத்து விடுங்க"ன்னு சொல்லிக்கிட்டே ஓடறா. நான் கேட்டுகிட்ட நின்னு அவ கையைப் புடிச்சேன்.

என்ன சொன்னேன்னா... "உள்ள வா. அத்தனை பேரு முன்னால முடிச்சுப் போட்டுட்டு வந்திருக்கறேன், இப்பப் போய் நம்ம கேபிள்னு சொன்னா என்ற மூஞ்சி என்ன ஆவறது? ரெண்டு அடியில ஒருத்தனும் செத்துற மாட்டான். இன்னைக்கு ஒரு நாளைக்கு அவன் திருடனாவே இருக்கட்டும். நீ சோத்தைப் போடு."

அவ்வளவுதான் சார். உண்டேன். மரத்தடியில இருந்து சத்தம் வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. ரெண்டாவது வாட்டி சோறு போட்டுக்கிட்டனான்னு எனக்கு ஞாபகமில்ல. போட்டுக்கிட்டேன்னு அவ சொல்றா.

அப்படிப் பாக்காதீங்க சார். சாவான்னு எனக்குத் தெரியுமுங்களா? பசங்களுக்கு அவன் திருடன்னு நெனப்பு, அவனுங்க அடிச்சானுங்க. எனக்கு அவன் திருடனில்லைன்னு தெரியும், தெரிஞ்சப்பறம் நான் அடிக்கவே இல்ல. அடிச்சவன் ஜெயில்ல, அடிக்காதவன் வெளிய. சரியாத்தானுங்களே வந்திருக்குது?

போன வாரம் போனப்பப் பாவாத்தா ஒரு வழி சொன்னா. "நான் கோர்ட்டுல சொல்லக் கூடாதுன்னீங்க, சொல்லல. நீங்களே மருதாயிகிட்ட வந்து சொல்லுங்க. எங்கிட்டச் சொன்னதை அப்படியே. ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம், கொறைக்க வேண்டாம். சொல்லிட்டீங்கன்னா அன்னைக்கே உங்ககூடப் பஸ் ஏறி ஊட்டுக்கு வரேன்."

"அவ ஊரெல்லாம் சொல்லிருவாளே? அண்ணி காதுக்குப் போகுமே?"

"போகும்."

"மோகன்ராசுக்குத் தெரியுமே?"

"தெரியட்டும். தெரிஞ்சுக்கறதுக்கு அவனுக்கு உரிமை இல்லீங்களா?"

புதன்கெழமை பதினோரு மணிக்குப் பரமத்தி ஸ்டாப்புல வந்து எறங்கறேன்னு வாக்குக் குடுத்துட்டேன், அவ வந்து நிப்பா. இன்னைக்குத்தான் புதன்கெழமை. அதான் இந்தப் பஸ்ஸு.

இது உங்க நாலுல எதுல சார் சேரும்? பதிலுமில்ல, பயமுமில்ல. மறுக்காச் செய்யாம தடுக்கறதுக்குன்னா, நான் இனி யாரையும் கட்டிப் போடப் போறதில்ல. திருத்தறதுன்னா, அறுபது வயசுல என்னை எங்க திருத்தறது? பேரே இல்லாத தண்டனையா இருக்குது. போடறதுக்குப் பாவாத்தாளுக்கு அதிகாரம் ஏது? அதைத்தான் உங்ககிட்டக் கேக்கறேன்.

ஆனா ஒண்ணு சார். இத்தனை நாளா அது வாயில வருமான்னு எனக்கே சந்தேகம். இப்ப உங்ககிட்ட வந்திருச்சு பாருங்க, ஒரு சொல்லு பெசகாம. அதனால ஒரு ஒத்தாசை கேக்கறேன். அவ நம்பர் தரேன். "உங்க வீட்டுக்காரர் எங்கிட்ட முழுசாச் சொல்லிட்டாரும்மா, நாந்தான் சாட்சி"ன்னு ஒரு வார்த்தை போன்ல சொல்ல முடியுங்களா? நீங்க படிச்சவரு, சட்டம் தெரிஞ்சவரு. சொன்னா ஏத்துக்குவா. யாருகிட்டச் சொன்னா என்ன, சொன்னதுதானுங்களே கணக்கு?

முடியாதுங்களா.

சரி விடுங்க. வேற ஒண்ணு கேக்கறேன். அரசாங்கம் என்ற விடுதலை மேல அப்பீல் போட்டிருக்குது, ஐகோர்ட்டுல கெடக்குது. வக்கீல் ஒண்ணும் ஆகாதுன்னாரு. இப்ப நான் உங்ககிட்ட வெளிய ஒரு எடத்துல வெச்சு இதைச் சொன்னது... நீங்க பொண்டாட்டி இல்ல. அப்ப உங்களுக்கு அந்தத் தடை கெடையாதுங்களா? யாராச்சும் கூப்புட்டுக் கேட்டா நீங்க சொல்லலாமுங்களா?

சொல்லலாமா.

நான் எம் பேரைச் சொல்லலீங்களே. ஊரும் சொல்லல. பாவாத்தான்னு சொன்னேன், இந்தப் பக்கம் ஊருக்குப் பத்துப் பாவாத்தா இருப்பாங்க. மோகன்ராசும் அப்படித்தான். சார், நான் என்னவோ வழிப்பேச்சுக்குச் சொன்னேன். தூரப் பயணத்துல மனுசன் நாலும் பேசுவான். அந்தக் கேட்டுகிட்ட நான் ஒண்ணுமே சொல்லலீங்க. வெயில்ல போகாத, கால் சுடும்னு சொன்னேன். அப்படித்தான் ஞாபகம். எழுதிக்கிட்டு இல்லீங்களே நீங்க? பேனாவை மூடி வெய்யுங்க சார், சித்தெ நேரத்துக்கு. விடைத்தாளை அப்பறம் திருத்திக்கலாம்.

தென்னிலை தாண்டிருச்சுங்களா? அதுக்குள்ளயா.

அதோ, பரமத்தி ஸ்டாப்பு தெரியுது. அந்தப் புளியமரத்தடியில கொடை புடிச்சுக்கிட்டு நிக்கறது பாவாத்தாதான். பக்கத்துல இருக்கறது மருதாயி. மருதாயியையும் கூட்டிக்கிட்டே வந்துட்டா பாருங்க, ஸ்டாப்புக்கே. பஸ் நின்னதுமே ஒவ்வொரு சன்னலாப் பாத்துக்கிட்டு வரா.

சார், உங்க பக்கத்து ஷட்டரைக் கொஞ்சம் எறக்கி விடுங்க. மூஞ்சியில வெயில் அடிக்குது. இன்னும் கொஞ்சம் எறக்குங்க. அவ்வளவுதான், அப்படியே இருக்கட்டும்.

கண்டக்டர், இங்க ஒரு கரூர் குடுங்க.